அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கட்டுப்படியாகும் பல் இன்சூரன்ஸ் எடுப்பது எப்படி?

அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எச்ஆரிடமிருந்து ஒரு படிவம் வரும். மெடிக்கல், டென்டல், விஷன் என்று மூன்று பகுதி. மெடிக்கலுக்கு எல்லோரும் நேரம் ஒதுக்கிப் படிக்கிறார்கள், தெரிந்தவர்களிடம் கேட்கிறார்கள். டென்டல் வந்ததும் எது மாதத்துக்குக் குறைவாகப் பிடிக்கிறதோ அதை டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எட்டு மாதம் கழித்து ராத்திரி கடைவாய்ப் பல் வலிக்கும்போதுதான் அந்தத் திட்டம் ரூட் கேனாலுக்கு இப்போதைக்குக் காசு தராது என்று தெரியவரும்.

இங்கே மெடிக்கல் இன்சூரன்ஸ் பொதுவாகப் பெரியவர்களின் பல்லைத் தொடாது. சொத்தை, ஈறு நோய், பல் கட்டுவது எல்லாவற்றுக்கும் தனி இன்சூரன்ஸ் வேண்டும், இல்லையென்றால் முழுக்கக் கைக்காசு. மாதப் பிரீமியத்தை மட்டும் பார்த்து இதை எடுக்கக் கூடாது. ஒரு வருடத்தில் பிரீமியமும் சிகிச்சைச் செலவும் சேர்ந்து உங்கள் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும் என்பதுதான் திட்டத்தின் உண்மையான விலை. அதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போதும்.

முதலில் இது எப்படிப்பட்ட இன்சூரன்ஸ் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மெடிக்கல் இன்சூரன்ஸில் நீங்கள் கட்ட வேண்டிய தொகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் மீதி முழுவதும் கம்பெனி பொறுப்பு. பல் இன்சூரன்ஸில் இது தலைகீழ். உச்சவரம்பு கம்பெனிக்குத்தான். வருடத்துக்கு 1,000 டாலர், 1,500 டாலர், 2,000 டாலர் என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள். அதற்குமேல் ஆகும் செலவு உங்களுடையது. இதற்குப் பெயர் ஆனுவல் மேக்ஸிமம்.

இந்த வகை இன்சூரன்ஸுக்கு இங்கே 70 வருட வரலாறு உண்டு. 1954இல் மேற்குக் கடற்கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பல் சிகிச்சை வேண்டும் என்று கேட்டதிலிருந்து இது பரவியது. பல பத்தாண்டுகளுக்கு முன்பே வழக்கத்தில் இருந்த அந்த 1,000 டாலர் வரம்பு இன்றும் பல திட்டங்களில் அப்படியே இருக்கிறது. சிகிச்சை விலை மட்டும் எங்கோ போய்விட்டது. இன்று ஒரு கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனாலும் கிரவுனும் (பல் மேல் போடும் உறை) செய்தால் பல ஊர்களில் 2,000 டாலரைத் தாண்டிவிடும். ஆகவே பெரிய ஆபத்திலிருந்து இது காப்பாற்றும் என்று நம்பி எடுக்காதீர்கள். ஓரளவு பணத்தை முன்கூட்டியே கட்டி, தள்ளுபடி விலையும் கொஞ்சம் உதவியும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. அப்படிப் பார்த்தால் கணக்குப் போடுவது எளிது.

இன்னொரு அடிப்படை, 100-80-50 என்ற வாய்ப்பாடு. க்ளீனிங், பரிசோதனை, எக்ஸ்ரே போன்ற தடுப்பு வேலைகளுக்கு 100 சதவீதம். ஃபில்லிங், சாதாரணமாகப் பல் பிடுங்குவது போன்றவற்றுக்கு 80 சதவீதம். கிரவுன், பிரிட்ஜ், பல்செட் போன்ற பெரிய வேலைகளுக்கு 50 சதவீதம். பெரும்பாலான திட்டங்கள் இதையொட்டித்தான் இருக்கும். இதற்கு மேல் டிடக்டிபிள் உண்டு, அதாவது கம்பெனி தரத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு வருடமும் நீங்கள் முதலில் கட்ட வேண்டிய தொகை: ஒருவருக்கு 50 டாலர், குடும்பத்துக்கு 150 டாலர் என்பது வழக்கமான அளவு. தடுப்பு வேலைகளுக்கு அது பொதுவாகக் கிடையாது.

படி 1: உங்கள் வாயின் நிலவரம்

திட்டங்களைப் பார்ப்பதற்கு முன்னால் வாயைப் பாருங்கள். கடைசியாக எப்போது பல் டாக்டரிடம் போனீர்கள்? ஏற்கெனவே ரூட் கேனால் செய்து கிரவுன் போடாமல் விட்ட பல் உண்டா? பல் விழுந்து காலியாக இருக்கும் இடம் உண்டா? பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதா? பத்து வருடத்துக்கு முன் போட்ட கிரவுன் ஆடுகிறதா?

நான் பார்த்தவரை நம்மவர்கள் மூன்று வகை. பல் நன்றாக இருக்கிறது, க்ளீனிங் மட்டும் போதும் என்பவர்கள் முதல் வகை. ஒன்றிரண்டு சொத்தை இருக்கலாம் என்று சந்தேகப்படுபவர்கள் இரண்டாவது. பெரிய வேலை பாக்கியிருக்கிறது என்று தெரிந்தவர்கள் மூன்றாவது. எந்த வகை என்று தெரியாமல் திட்டம் எடுத்தால் குருட்டு அதிர்ஷ்டம்தான்.

இன்னும் கிளம்பவில்லை என்றால், விமானம் ஏறுவதற்கு முன்பே முழுப் பரிசோதனை செய்து, பாக்கி வேலைகளை முடித்துவிட்டு, எக்ஸ்ரேக்களை டிஜிட்டல் கோப்பாக வாங்கிக்கொண்டு வாருங்கள். வந்துவிட்டீர்கள் என்றால், ஒரு பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் கைக்காசு கொடுத்தாவது நிலவரம் தெரிந்துகொள்வது நல்லது. புதிய நோயாளிகளுக்கு முதல் பரிசோதனையைக் குறைந்த விலைக்குச் செய்யும் கிளினிக்குகள் நிறைய உண்டு. அங்கே கொடுக்கும் ட்ரீட்மென்ட் பிளான் என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே டி என்ற எழுத்தில் தொடங்கும் நான்கு இலக்க எண் இருக்கும். சாதாரண க்ளீனிங் டி1110. அந்த எண்களை வைத்துக்கொண்டுதான் எந்த இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் சரியான பதில் வாங்க முடியும். "கிரவுனுக்கு எவ்வளவு தருவீர்கள்" என்று கேட்டால் பொதுவான பதில் வரும். எண்ணைச் சொல்லிக் கேட்டால் குறிப்பான பதில் வரும்.

படி 2: எங்கே எடுப்பது

வேலை தரும் நிறுவனம் வழியாகக் கிடைத்தால் பெரும்பாலும் அதுதான் நல்ல வழி. பிரீமியத்தில் ஒரு பங்கை நிறுவனம் கட்டும், உங்கள் பங்கு வரிக்கு முன்பே சம்பளத்தில் பிடிக்கப்படும், காத்திருப்புக் காலமும் (சேர்ந்த பிறகு சில வேலைகளுக்குக் காசு கிடைக்கக் காத்திருக்க வேண்டிய மாதங்கள்) அநேகமாக இருக்காது. ஆனால் நேரம் முக்கியம். வேலைக்குச் சேர்ந்த பிறகு சேர்வதற்கு ஒரு கெடு உண்டு, பல நிறுவனங்களில் 30 நாள். விட்டால் அடுத்த ஓபன் என்ரோல்மென்ட் வரை, அதாவது எல்லோரும் திட்டத்தில் சேரவும் மாற்றவும் வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் காலம் வரை, காத்திருக்க வேண்டும். அது வழக்கமாக அக்டோபர், நவம்பரில் வரும். மனைவியோ கணவரோ பிறகு விசா கிடைத்து வந்து சேர்ந்தால் அந்தத் தேதியிலிருந்தும் இதுபோல ஒரு கெடு ஓடும். டிக்கெட் போட்டவுடனேயே எச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனம் தராவிட்டால் ஹெல்த்கேர் டாட் கவ் என்ற அரசின் மார்க்கெட்பிளேஸ் தளத்தில் மெடிக்கல் திட்டம் எடுக்கும்போது கூடவே பல் திட்டமும் எடுக்கலாம். அங்கே பல் திட்டம் மட்டும் தனியாகக் கிடைக்காது. தனியாக வேண்டும் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிகளிடமே நேரடியாக வாங்கலாம், அதை வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். காத்திருப்புக் காலம் என்ற பிடி அதிகமாக இருப்பது இந்தத் தனித் திட்டங்களில்தான்.

மாணவர்கள் கவனிக்க: பல்கலைக்கழகம் கட்டாயமாக எடுக்க வைக்கும் ஹெல்த் இன்சூரன்ஸில் பெரியவர்களுக்குப் பல் சேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பல இடங்களில் அது தனிக் கட்டணம் கட்டிச் சேர வேண்டிய திட்டம்.

படி 3: பிபிஓவா, எச்எம்ஓவா

பிபிஓ திட்டத்தில் எந்த டாக்டரிடமும் போகலாம். நெட்வொர்க்கில் இருப்பவரிடம், அதாவது கம்பெனியோடு விலை ஒப்பந்தம் போட்டிருக்கும் டாக்டரிடம், போனால் செலவு குறையும். டிடக்டிபிள், சதவீதம், ஆனுவல் மேக்ஸிமம் எல்லாம் இதில் உண்டு. டிஎச்எம்ஓ என்ற டென்டல் எச்எம்ஓவில் பிரீமியம் குறைவு. ஒரு குறிப்பிட்ட கிளினிக்கில் பதிந்துகொண்டு அங்கேதான் போக வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் நீங்கள் கட்ட வேண்டிய கோபே இவ்வளவு என்று அட்டவணையே தந்துவிடுவார்கள். வழக்கமாக டிடக்டிபிளும் இல்லை, ஆனுவல் மேக்ஸிமமும் இல்லை.

படிக்கும்போது எச்எம்ஓ கவர்ச்சியாகத்தான் இருக்கும். பெரிய வேலை பாக்கியிருப்பவர்களுக்கு உண்மையிலேயே அது லாபமாக அமையலாம், ஏனென்றால் செலவு எவ்வளவு என்று முன்பே தெரிந்துவிடும். சிக்கல் டாக்டர் கிடைப்பதில். நகரங்களில் கூட எச்எம்ஓ எடுத்துக்கொள்ளும் கிளினிக்குகள் குறைவு, அப்பாயின்ட்மென்ட் தள்ளிப் போகும், ஸ்பெஷலிஸ்டிடம் போகப் பரிந்துரைச் சீட்டு வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் நல்ல எச்எம்ஓ கிளினிக் ஒன்று இருக்கிறது, புதிய நோயாளிகளை எடுத்துக்கொள்கிறது என்று போனில் உறுதி செய்த பிறகு மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

படி 4: பொடி எழுத்து

அதிகப் பணம் போவது இங்கேதான், ஆகவே அவசரப்படாமல் படியுங்கள். இணையத்தில் காட்டும் ஒரு பக்கச் சுருக்கம் போதாது. முழு ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். சர்டிபிகேட் ஆஃப் கவரேஜ், எவிடென்ஸ் ஆஃப் கவரேஜ் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். அதில் லிமிடேஷன்ஸ், எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற பக்கங்களுக்கு நேராகப் போய்விடுங்கள்.

காத்திருப்புக் காலத்தை முதலில் தேடுங்கள். தனியாக வாங்கும் திட்டங்களில் ஃபில்லிங்குக்கு 6 மாதம், கிரவுன் போன்றவற்றுக்கு 12 மாதம் என்று இருப்பது சகஜம். பல் வலிக்க ஆரம்பித்த பிறகு இன்சூரன்ஸ் வாங்கி மறுநாளே கிரவுன் போடுவதைத் தடுக்கத்தான் இதை வைத்திருக்கிறார்கள். இடைவெளி இல்லாமல் வேறு பல் இன்சூரன்ஸிலிருந்து வருகிறீர்கள் என்றால் பழைய கம்பெனியின் கடிதத்தைக் காட்டி இதை நீக்கக் கேட்கலாம். பல கம்பெனிகள் ஒப்புக்கொள்ளும்.

அடுத்து, ரூட் கேனால் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே விளம்பரம், ஒரே 100-80-50, ஆனால் ஒரு திட்டத்தில் ரூட் கேனால் 80 சதவீதப் பிரிவில் இருக்கும், இன்னொன்றில் 50 சதவீதப் பிரிவில். ஈறுக்கான டீப் க்ளீனிங்கும் இப்படித்தான் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். நம்மில் பலருக்கு முதலில் தேவைப்படுவதே இவை இரண்டும்தான். அதனால் நான் எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் முதலில் தேடுவது இந்த வரியை.

மிஸ்ஸிங் டூத் க்ளாஸ் என்று ஒன்று இருக்கும். திட்டத்தில் சேர்வதற்கு முன்பே விழுந்துவிட்ட பல்லுக்குப் பதிலாக பிரிட்ஜோ இம்பிளாண்டோ வைத்தால் காசு கிடையாது என்பது அதன் பொருள். ஊரில் பல்லைப் பிடுங்கிவிட்டு, இங்கே வந்து இம்பிளாண்ட் வைத்துக்கொள்ளலாம் என்று வருபவர்களை இந்த ஒரு வரி மடக்கிவிடும். இம்பிளாண்டையே மொத்தமாக விலக்கிய திட்டங்களும் உண்டு.

க்ளீனிங் எத்தனை முறை என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காலண்டர் வருடத்துக்கு இரண்டு முறை என்றால் எப்போது வேண்டுமானாலும் போகலாம். 6 மாதத்துக்கு ஒரு முறை என்றால் முந்தைய தேதியிலிருந்து சரியாக ஆறு மாதம் முடிந்திருக்க வேண்டும். இரண்டு நாள் முன்னால் போனாலும் முழு பில்லும் உங்கள் தலையில். எக்ஸ்ரேக்கும் இப்படியான கணக்கு உண்டு. வாய் முழுவதற்குமான எக்ஸ்ரேக்கு 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறைதான் தருவார்கள். கிளினிக் மாறும்போது பழைய எக்ஸ்ரேயை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிவிட்டால் இந்தச் செலவு மிச்சம்.

ஆல்டர்நேட் பெனிஃபிட் என்ற விதி இன்னொன்று. கடைவாய்ப் பல்லில் பல் நிறத்தில் ஃபில்லிங் செய்தால், விலை குறைந்த வெள்ளி ஃபில்லிங்குக்கு எவ்வளவு தருவார்களோ அவ்வளவுதான் தருவார்கள். வித்தியாசம் உங்களுடையது. பல டாக்டர்கள் இன்று வெள்ளி ஃபில்லிங் செய்வதே இல்லை. ஆகவே 80 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் கைக்கு வருவது அதைவிடக் குறைவு.

பழைய கிரவுனை மாற்றுவதற்கு 5, 7, 10 வருடம் என்று கெடு இருக்கும். பிள்ளைகளின் பல் கிளிப்புக்கு ஆனுவல் மேக்ஸிமம் போக, வாழ்நாளுக்கு இவ்வளவுதான் என்று தனி வரம்பு இருக்கும். பல திட்டங்களில் பெரியவர்களுக்குக் கிளிப் கிடையாது. க்ளீனிங் செலவு ஆனுவல் மேக்ஸிமத்தில் கழிக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். கழிக்காத திட்டம் கிடைத்தால் வருடத்துக்கு முந்நூறு டாலர் அளவுக்கு உங்கள் பக்கம் சேர்ந்த மாதிரி.

படி 5: காகிதத்தில் கணக்கு

ஒரு உதாரணம். எண்கள் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

திட்டம் அ: மாதம் 35 டாலர், வருடத்துக்கு 420. வரம்பு 1,000. பெரிய வேலைகளுக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும், ரூட் கேனாலும் பெரிய வேலைதான். திட்டம் ஆ: மாதம் 52 டாலர், வருடத்துக்கு 624. வரம்பு 2,000. காத்திருப்பு இல்லை, ரூட் கேனால் 80 சதவீதப் பிரிவில். இரண்டிலும் டிடக்டிபிள் 50.

ஒருவருக்கு இந்த வருடம் இரண்டு க்ளீனிங், ஒரு ஃபில்லிங், ஒரு ரூட் கேனால், ஒரு கிரவுன் தேவை. நெட்வொர்க் விலை முறையே 250, 150, 900, 1,000 என்று வைத்துக்கொள்வோம்.

திட்டம் அ-வில் க்ளீனிங் முழுக்கக் கம்பெனி பொறுப்பு. ஃபில்லிங்கில் 50 டிடக்டிபிள், மீதி நூறில் 20 சதவீதம், ஆக 70 டாலர் உங்களுடையது. ரூட் கேனாலும் கிரவுனும் முழுக்க உங்களுடையது. பிரீமியத்தோடு சேர்த்தால் 420 + 70 + 900 + 1,000 = 2,390 டாலர்.

திட்டம் ஆ-வில் ஃபில்லிங்குக்கு அதே 70. ரூட் கேனாலுக்கு 180. கிரவுனுக்கு 500. பிரீமியத்தோடு 624 + 70 + 180 + 500 = 1,374 டாலர். கம்பெனி தந்தது மொத்தம் 1,550, வரம்புக்குள்தான்.

மாதத்துக்கு 17 டாலர் கூடுதலாகக் கட்டியவருக்கு வருட முடிவில் 1,016 டாலர் மிச்சம். ஆனால் இதே இரண்டு திட்டங்களை, க்ளீனிங் மட்டும் தேவைப்படும் ஒருவருக்குப் பொருத்திப் பாருங்கள். அ-வில் 420, ஆ-வில் 624. இன்சூரன்ஸே இல்லாமல் இரண்டு க்ளீனிங்குக்கும் பரிசோதனைக்கும் கிளினிக்கில் 400 டாலர் கேட்கிறார்கள் என்றால், அவருக்கு எதுவுமே எடுக்காமல் அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைப்பதும் நியாயமான முடிவுதான். நிறுவனம் பாதிப் பிரீமியம் கட்டினால் கணக்கு மறுபடி மாறும். பக்கத்து சீட்டு நண்பர் எடுத்த திட்டத்தை அப்படியே நாமும் எடுக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

வரம்பு சின்னதாக இருந்தால் வருட எல்லையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பல திட்டங்களில் ஜனவரி 1 அன்று வரம்பு புதுசாகத் தொடங்கும். டிசம்பரில் ரூட் கேனால், ஜனவரியில் கிரவுன் என்று பிரித்தால் இரண்டு வருட வரம்பும் கைகொடுக்கும். டாக்டர் சரி என்றால் மட்டும் செய்யுங்கள். ரூட் கேனால் செய்த கடைவாய்ப் பல்லை மாதக்கணக்கில் கிரவுன் இல்லாமல் விட்டால் அது பிளந்துபோகும் ஆபத்து உண்டு.

எஃப்எஸ்ஏ கணக்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மருத்துவச் செலவுக்காக, வரிக்கு முன்பே சம்பளத்திலிருந்து நிறுவனம் வழியாகப் பணம் ஒதுக்கும் கணக்கு அது. 2025இல் அதில் 3,300 டாலர் வரை வரியில்லாமல் ஒதுக்க முடிந்தது, இந்த உச்சம் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும். கிரவுனில் உங்கள் பங்கை இதிலிருந்து கட்டினால் வரி மிச்சம். பிரீமியத்தை இதிலிருந்து கட்ட முடியாது. செலவழிக்காத பணத்தில் பெரும்பகுதி வருட முடிவில் போய்விடலாம் என்பதால், ட்ரீட்மென்ட் பிளானைப் பார்த்துத் தேவையான அளவு மட்டும் ஒதுக்குங்கள்.

படி 6: போன் செய்து உறுதி செய்தல்

கிளினிக்குக்குப் போன் செய்து "எங்கள் இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் "எடுத்துக்கொள்வோம்" என்றுதான் சொல்வார்கள். உங்கள் சார்பில் க்ளைம் அனுப்புவோம் என்பது அதன் அர்த்தமாக இருக்கலாம். நெட்வொர்க்கில் இருக்கிறார்கள் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி: "இந்தப் பெயருள்ள நெட்வொர்க்கில், இந்த டாக்டர், இந்தக் கிளையில் இன்-நெட்வொர்க்கா?" மூன்றையும் சொல்லுங்கள். ஒரே கம்பெனிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நெட்வொர்க் இருக்கும். டெல்டா டென்டலில் பிபிஓ, பிரீமியர் என்று இரண்டு உண்டு, இரண்டிலும் விலைப்பட்டியல் வேறு. ஒரே கிளினிக்கில் ஒரு டாக்டர் நெட்வொர்க்கில் இருப்பார், இன்னொருவர் இருக்க மாட்டார்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. நெட்வொர்க் டாக்டர் ஒப்பந்த விலைக்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது. 1,500 டாலர் கிரவுன் ஒப்பந்தத்தில் 1,000 என்றால், மீதி 500 கணக்கிலிருந்தே போய்விடும். வெளி டாக்டரிடம் அந்த 500ம் உங்கள் பையிலிருந்து போகும். ஆனுவல் மேக்ஸிமம் தீர்ந்த பிறகும் பல பிபிஓ திட்டங்களில் இந்த ஒப்பந்த விலை தொடரும். உங்கள் திட்டத்தில் தொடருமா என்று கம்பெனியிடம் கேளுங்கள். கேட்ட தேதியையும் பதில் சொன்னவரின் பெயரையும் குறித்து வையுங்கள்.

எந்த இன்சூரன்ஸும் கட்டுப்படியாகாவிட்டால்

பல் மருத்துவக் கல்லூரிகள் நல்ல வழி. நியூயார்க்கில் என்ஒய்யூ, சான் ஃபிரான்சிஸ்கோவில் யூசிஎஸ்எஃப், ஆன் ஆர்பரில் மிஷிகன் பல்கலைக்கழகம் என்று பல கல்லூரிகளில் நோயாளிகளுக்கான கிளினிக் இருக்கிறது. பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள், தனியார் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு. நேரம் நிறைய எடுக்கும், ஒரு ஃபில்லிங்குக்கு அரை நாள் போகலாம். வேலையின் தரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஒவ்வொரு கட்டத்தையும் மூத்தவர் ஒருவர் பார்த்த பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள்.

கூட்டாட்சி அரசின் உதவி பெறும் சமூகச் சுகாதார மையங்களில் வருமானத்துக்கு ஏற்றபடி கட்டணம் வாங்குவார்கள். பல் மருத்துவப் பிரிவும் பல மையங்களில் உண்டு. அவற்றுக்கு உதவி தரும் அரசு அமைப்பான எச்ஆர்எஸ்ஏவின் தளத்தில் அஞ்சல் எண்ணைக் கொடுத்தால் பக்கத்து மையம் தெரியும். டென்டல் டிஸ்கவுண்ட் திட்டம் என்று விற்பதும் ஒன்று உண்டு. அது இன்சூரன்ஸ் இல்லை. வருடச் சந்தா கட்டினால் குறிப்பிட்ட கிளினிக்குகளில் தள்ளுபடி, அவ்வளவுதான். காத்திருப்பு இல்லை, வரம்பு இல்லை. காலியான பல்லுக்கு இம்பிளாண்ட் வைக்க வேண்டியவர்களுக்கு இன்சூரன்ஸைவிட இது சில சமயம் உதவும். தனிக் கிளினிக்குகள் தாங்களே நடத்தும் உறுப்பினர் திட்டமும் இதே மாதிரிதான்.

கிரவுன், இம்பிளாண்ட் போன்ற அவசரமில்லாத வேலைகளை ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நிறையப் பேர் திட்டமிடுகிறார்கள். செய்யலாம், ஆனால் வேலை முடிய எத்தனை வாரம் ஆகும் என்று முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். வலி, வீக்கம், சீழ் இருந்தால் அதுவரை காத்திருக்கக் கூடாது. முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தால், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் உடனே மருத்துவமனை எமர்ஜென்சிக்குப் போங்கள். அந்தச் செலவு மெடிக்கல் இன்சூரன்ஸில் போகும். வெறும் பல்வலிக்கு எமர்ஜென்சி போய்ப் பலனில்லை. வலி மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்து, பல் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள், பில் மட்டும் பெரிதாக வரும்.

பிள்ளைகளும் பெற்றோரும்

18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மார்க்கெட்பிளேஸில் பல் பாதுகாப்பு அத்தியாவசியப் பலன்களில் ஒன்று. மெடிக்கல் திட்டத்துக்குள்ளேயே இருக்கலாம், தனித் திட்டமாகவும் இருக்கலாம். தனியாக வாங்குவதற்கு முன் மெடிக்கல் திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை கட்டுவீர்கள். கணவன் மனைவி இருவருக்கும் நிறுவனத் திட்டம் இருந்தால் எல்லோரையும் இரண்டிலும் சேர்ப்பது பெரும்பாலும் வீண். இரண்டாவது திட்டம் முதல் திட்டத்துக்கு மேல் எதுவும் தராதபடி பல ஒப்பந்தங்களில் விதி இருக்கிறது.

விசிட்டர் விசாவில் வரும் அப்பா அம்மாவுக்கு எடுக்கும் பயண இன்சூரன்ஸ், திடீர் வலிக்கும் விபத்தில் உடைந்த பல்லுக்கும் ஒரு சின்னத் தொகை தரும், வழக்கமான சிகிச்சைக்குத் தராது. அவர்களைப் புறப்படுவதற்கு முன்பே பல் டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள். கிரீன் கார்டில் வந்து மெடிகேரில் (முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசு மெடிக்கல் இன்சூரன்ஸ்) சேர்ந்த பெற்றோருக்கும் இதே நிலைதான். அசல் மெடிகேர் 1965இல் வந்த நாளிலிருந்தே வழக்கமான பல் சிகிச்சையை விலக்கித்தான் வைத்திருக்கிறது.

திட்டம் கைக்கு வந்த பிறகு

முதல் க்ளீனிங்குக்குப் போன இடத்தில் நான்கு பக்கமும் டீப் க்ளீனிங் தேவை என்று சொன்னால் பதறாதீர்கள், உடனே தலையாட்டவும் வேண்டாம். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள ஆழத்தை ஒவ்வொரு பல்லிலும் மில்லிமீட்டரில் அளந்து எழுதியிருப்பார்கள். அந்தத் தாளைக் கேளுங்கள். 1 முதல் 3 வரை என்றால் ஆரோக்கியம். 4, 5 என்ற எண்கள் நிறைய இருந்து, எக்ஸ்ரேயில் எலும்பும் குறைந்திருந்தால் தேவை உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். தாள் தரத் தயங்கினால் வேறு டாக்டரிடம் இன்னொரு கருத்துக் கேளுங்கள். லேசர், மருந்து நீர் கழுவல் என்று இன்சூரன்ஸ் தராத கூடுதல் வரிகள் பில்லில் இருந்தால், அது இல்லாமல் செய்ய முடியுமா என்று நேரடியாகவே கேட்கலாம்.

சில நூறு டாலரைத் தாண்டும் எந்த வேலைக்கும், அவசரமில்லாத பட்சத்தில், ப்ரீடிடர்மினேஷன் அனுப்பச் சொல்லுங்கள். கிளினிக் எக்ஸ்ரேயோடு கம்பெனிக்கு எழுதும், கம்பெனி எவ்வளவு தரும் என்று பதில் வரும். சில வாரம் ஆகலாம். அது உறுதிமொழி இல்லை என்றாலும், நாற்காலியில் உட்கார்ந்தபடி கையெழுத்துக் கேட்கும்போது கையில் ஒரு எண் இருக்கும்.

சிகிச்சை முடிந்ததும் கம்பெனியிடமிருந்து ஈஓபி என்ற தாள் வரும். கிளினிக் பில்லில் உள்ள தொகையும் ஈஓபியில் "நீங்கள் கட்ட வேண்டியது" என்று இருக்கும் தொகையும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். நெட்வொர்க் டாக்டர் அதற்குமேல் கேட்டால் ஈஓபியைக் காட்டினாலே பெரும்பாலும் திருத்திவிடுவார்கள். க்ளைமை மறுத்தால் அதே தாளில் காரணமும் மேல்முறையீட்டுக்கான கெடுவும் இருக்கும். டாக்டரிடம் எக்ஸ்ரேயும் ஒரு சிறு விளக்கக் கடிதமும் வாங்கி இணைத்து அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாநில இன்சூரன்ஸ் துறையிடம் இணையத்தில் புகார் தரலாம், கட்டணம் கிடையாது. பெரிய நிறுவனம் தானே பணம் போட்டு நடத்தும் திட்டமாக இருந்தால் மட்டும் மாநிலத் துறைக்கு அதிகாரம் இல்லை, எச்ஆர் வழியாகவோ கூட்டாட்சித் தொழிலாளர் துறையிடமோ போக வேண்டும்.